பழைய காரின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரின் முன்பக்கச் சஸ்பென்ஷன் (சக்கரத்தை உடலோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) டொக்கு டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும் இரண்டு யோசனைகள் காதில் விழும். "மொத்த செட்டையும் மாற்றிவிடு" என்பார் ஒருவர். "சத்தம் வருகிற பாகத்தை மட்டும் மாற்று, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்" என்பார் இன்னொருவர். முதல் யோசனையில் நன்றாக இருக்கிற ஸ்பிரிங்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும். இரண்டாவதில் ஒரே இடத்தை மூன்று தடவை கழற்றி, மூன்று தடவை கூலி கொடுத்து, மூன்று தடவை வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) பார்க்க நேரும். கையைக் கடிப்பது பாகத்தின் விலையைவிட இந்தத் தடவைகள்தான். ஒரு முறை கழற்றினால் எதையெல்லாம் சேர்த்து முடிக்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்ற கணக்கில் கீழே உள்ள தேர்வுகளை ஒப்பிட்டிருக்கிறோம்.

பாகம் வாங்குவதற்கு முன்

முதலில் டயர். டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வயதாகி இறுகிப்போன டயர், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) நன்றாக இருந்தாலும், சின்னக் கல்லைக்கூட ஸ்டியரிங் வரை கடத்தும். அதற்குப் புது ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஆயில் குழாய்) போட்டால் ஒன்றும் மாறாது. காற்றழுத்தத்தைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

டயர் தேய்ந்திருக்கும் விதமும் பேசும். கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் ஷாக் செத்திருக்கலாம், அல்லது வீல் பேலன்ஸ் போயிருக்கலாம். உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அல்லது கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) விலகியிருக்கிறது; பழைய வண்டியில் அதற்குப் பின்னால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து உடலோடு இணைக்கும் கை) புஷ் (அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) இருக்கும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் உரசினால் அது டோ.

பிறகு ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆட்டம் பார்க்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இரண்டில் எது என்று தெரிய, உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைக்கலாம்: ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் தெரிவது டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) அல்லது அதற்கு உள்ளே இருக்கும் ரேக் எண்டு.

ஸ்டெபிலைசர் பார் என்பது வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இருக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி; அதன் முனையைப் பிடித்திருப்பது லிங்க். இந்த லிங்க் சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொள்ளும். அந்த இழுவையில் தேய்ந்த லிங்க்கும் இறுக்கமாகவே இருக்கும். கையால் அசைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதோ, இரண்டும் ஒரே அளவில் தொங்கும்போதோ அசைத்தால் உண்மை வெளிவரும். அப்போதும் சந்தேகமென்றால், இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கம்பியால் கட்டிவிட்டு, அதே மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். தட்டும் சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி லிங்க் அல்லது ஸ்டெபிலைசர் புஷ். வேகமாக ஓட்டக் கூடாது, வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும்.

மற்ற சத்தங்களுக்கும் இடம் உண்டு. நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டங்" என்று ஒன்று விடுபட்டால், ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தலையில் இருக்கும் டாப் மவுண்ட் பேரிங். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப இன்னொருவர் ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்தால், ஸ்பிரிங் சேர்ந்து சுழலாமல் முறுக்கேறித் துள்ளுவது கையிலேயே தெரியும்; விரலைச் சுற்றுகளுக்கு நடுவே விடாமல் வெளிப்பக்கமாக வைக்கவும். பிரேக் போடும்போது ஒரே ஒரு "டக்", ரிவர்ஸில் பிரேக் போட்டால் மறுபடி ஒரு "டக்" என்றால் லோயர் ஆர்மின் பின்புஷ். கியர் மாற்றும்போதும் எஞ்சினை அணைக்கும்போதும் மட்டும் இடித்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, எஞ்சின் மவுண்ட்.

பம்பரை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டும். கை அமுக்கும் வேகம் வேறு, பள்ளத்தில் விழும்போது ராடு ஓடும் வேகம் வேறு. ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டச் சொட்ட நனைந்து தூசி பிடித்துக் கெட்டியாகியிருந்தால் சீல் போயிற்று. 80,000 கிலோமீட்டரைத் தாண்டிய ஷாக்கை, கசிவு இல்லாவிட்டாலும், சந்தேகப் பட்டியலில் வைக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவே ஸ்ட்ரட்டின் மேல்முனை உடலோடு சேரும் இடத்திலும், லோயர் ஆர்மைத் தாங்கும் சப்ஃப்ரேமிலும் துரு எவ்வளவு என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட வேண்டும். தகடு உள்வாங்கினால் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்; முதல் செலவு அங்கேதான்.

ரப்பரும் ஜாயிண்டும் மட்டும் போதுமா?

"வண்டி லூசாக ஓடுகிறது" என்ற குறையில் பெரும்பகுதி ஷாக்கிலிருந்து வருவதில்லை. லிங்க், ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு: இந்தச் சின்னச் சாமான்களை மாற்றினாலே ஸ்டியரிங்கின் நேர்த்தி திரும்பிவிடும், முக்கால்வாசி சத்தம் போய்விடும். ஷாக்கோடு ஒப்பிட்டால் லிங்க், புஷ்ஷின் விலை சொற்பம். ஆனால் மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி படகு மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினாலும், கரடுமுரடான ரோட்டில் பிரேக் போடும்போது சக்கரம் தத்தினாலும் ரப்பர் வேலை அதைத் தீர்க்காது.

எல்லா விரிசலும் மாற்றக் காரணம் அல்ல. புஷ்ஷின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வயதின் அடையாளம். ரப்பர் உலோகத்தைவிட்டுப் பிரிந்திருந்தாலோ, நெம்புகோல் வைத்து நெம்பும்போது கிழிசல் வாய் திறந்தாலோ மாற்ற வேண்டும். சில கார்களில் பின்புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். கீழே கறுப்பாக வழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

அடுத்த கேள்வி: புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா? ஆர்ம் தகட்டை மடித்துச் செய்ததாகவும், பால் ஜாயிண்ட் அதோடு ரிவெட் அடித்ததாகவும் இருந்தால் முழு ஆர்மே நல்லது. இரண்டு புஷ், ஒரு பால் ஜாயிண்ட் மூன்றும் ஒரே தடவையில் புதிதாகும், பிரஸ் கூலியும் மிச்சம். பிரஸ்ஸில் வைக்கும்போது சரியான முட்டுக் கொடுக்காவிட்டால் மடித்த தகட்டின் காது வளைந்துவிடும் என்பதும் ஒரு காரணம். ஆனால் பெயர் தெரியாத மலிவு ஆர்மில் முதலில் போவது பால் ஜாயிண்ட்தான். அதன் ரப்பர் உறை மெலிதாக இருந்தால் தண்ணீரும் மண்ணும் சீக்கிரம் உள்ளே போய்விடும். அலுமினிய ஆர்ம் என்றால் கணக்கு தலைகீழ். ஆர்ம் விலை அதிகம், பழையது நேராகவே இருக்கும், புஷ்ஷை மட்டும் மாற்றுவதே லாபம். பால் ஜாயிண்ட் போல்ட்டால் பிடித்திருந்தால் அதைத் தனியாக வாங்கலாம்.

அழுத்தும்போது இரண்டு விஷயம் தவறக் கூடாது. புஷ்ஷில் பிறை வடிவத் துளைகள் இருந்தால் அவை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளம் இருக்கும். அதைக் கவனிக்காமல் தொண்ணூறு டிகிரி திருப்பி அடித்தால், பிரேக் போடும்போது வண்டி இழுப்பதோடு புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ரப்பரை ஊதவைக்கும்.

புதுப் புஷ் சில மாதத்திலேயே கிழிந்துவிட்டது என்ற புகாருக்கு முதல் காரணம் பாகத்தின் தரம் அல்ல, இறுக்கிய விதம். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், ரப்பர் முறுக்கித்தான் ஆர்ம் ஆடும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும் நிலையிலேயே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். மேடு ஏறும்போது இன்னும் முறுக்கும். கழற்றுவதற்கு முன்பே, வண்டி தரையில் நிற்கும்போது, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்தின் மேல் இருக்கும் வளைவுத் தகடு) விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது போல்ட்டைத் தளர்வாக விட்டு, ஆர்மின் கீழ் ஜாக் கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அப்புறம் டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். அப்படித் தூக்கும்போது வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்பினால் நிறுத்திவிட்டு, நான்கு சக்கரமும் சாய்தளத்தில் நிற்கும்படி ஏற்றி இறுக்கலாம்.

பாலியூரித்தேன் புஷ்ஷைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அது முறுக்குவதில்லை, உள்குழாயின் மேல் சுழலும். அதனால் மேற்சொன்ன பிரச்சினை இல்லை, ஆயுளும் அதிகம். ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் லோயர் ஆர்ம் பின்புஷ்ஷும் பின் ஆக்சில் புஷ்ஷும் ஒரு அச்சில் மட்டும் அசைபவை அல்ல. முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி வடிவமைத்தவை. அங்கே கெட்டியான பொருளைப் போட்டால் அதிர்வு முழுக்க உடலுக்கு ஏறும். சிலிகோன் கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிடவும் செய்யும். குடும்பத்தோடு தினசரி ஓட்டும் பழைய காருக்கு ரப்பரே சரி.

ஷாக்: நான்கு வழிகள், இரண்டு உருப்படியானவை

மெக்பெர்சன் ஸ்ட்ரட் 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் வந்தபோதே, ஷாக்கின் வேலையோடு இன்னும் இரண்டு வேலைகளை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். வண்டியின் எடையைத் தாங்குவதும் அதுதான், ஸ்டியரிங் திரும்பும்போது சக்கரத்துக்கு அச்சாக நிற்பதும் அதுதான். இந்த ஒரு விஷயம்தான் கீழே உள்ள ஒப்பீட்டில் பாதியைத் தீர்மானிக்கிறது.

ரீகண்டிஷன் செய்வது மிக மலிவு. உடலைத் துளைத்தோ வெட்டியோ திறந்து, ஆயிலும் சீலும் மாற்றி, காஸ் நிரப்பி, வெல்டிங் வைத்து மூடுவார்கள். மாட்டிய முதல் வாரம் அருமையாக இருக்கும். ஆனால் தேய்ந்தது சீல் மட்டுமல்ல. பிஸ்டன் வளையமும், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வால்வுத் தகடுகளும் அப்படியே உள்ளே இருக்கும். ராடின் குரோம் பூச்சில் ஒரு புள்ளித் துரு இருந்தாலே அது புதுச் சீலை அறுத்துவிடும். காஸ் அழுத்தமும் குத்துமதிப்புதான்: இரட்டைக் குழாய் ஷாக்கில் சில பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்க வேண்டியது, ஒற்றைக் குழாயில் 20 முதல் 30 பார் வரை தேவை. எடையைத் தாங்கும் முன் ஸ்ட்ரட்டைத் துளைத்து வெல்டிங் வைப்பதை எந்த பட்ஜெட்டிலும் சிபாரிசு செய்ய மாட்டோம். ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்கும் பின் ஷாக்கில், புதுசு கிடைக்கவே கிடைக்காத மாடலுக்கு, தற்காலிகமாக ஒப்புக்கொள்ளலாம். மிகப் பழைய சில கார்களில் ஸ்ட்ரட்டின் வாயில் பெரிய மூடி நட் இருக்கும். அவை திறந்து வேலை பார்க்கவே செய்தவை, உள்ளே புதுக் கார்ட்ரிட்ஜ் இறக்கலாம். அது ரீகண்டிஷன் அல்ல, முறையான பழுதுபார்ப்பு.

உடைக்க வந்த வண்டியிலிருந்து எடுத்த ஷாக்கும் இதே கதைதான். வண்டி எவ்வளவு ஓடியது என்று தெரியாது, கழற்றி மாட்டும் கூலி மட்டும் புதுசுக்கு ஆகிற அளவே ஆகும். அங்கே வாங்கத் தகுந்தவை வெறும் உலோகப் பாகங்கள்: ஸ்பிரிங், நக்கிள் (சக்கரத்தின் பேரிங்கைத் தாங்கும் உலோகத் துண்டு), ஸ்டெபிலைசர் பார். ரப்பரோ ஆயிலோ இருக்கும் எதையும் பழையதாக வாங்க வேண்டாம்.

உருப்படியான முதல் வழி, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் புது ஷாக்கை வாங்கி, பழைய ஸ்பிரிங்கோடு மாட்டுவது. கேஒய்பி எக்செல்-ஜி, பில்ஸ்டீன் பி4 போன்றவை காரோடு வந்த ஷாக்கின் குணத்துக்கு நெருக்கமாகச் செய்தவை. மன்ரோ, சாக்ஸ் நிறுவனங்களிலும் இந்த வகை உண்டு. அதே பில்ஸ்டீனில் பி6 இன்னும் இறுக்கமானது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. பழைய காரை மென்மையாக்க நினைப்பவருக்கு இரண்டும் பொருந்தாது. உயரத்தை மாற்றிக்கொள்ளும் மலிவான ஸ்போர்ட்ஸ் கிட்டுகளும் அப்படியே.

இந்த வழியில் டாப் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நான்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய மவுண்ட்டை மறுபடி போடுவது, எங்கள் கணக்கில், இந்த வேலையிலேயே மோசமான சிக்கனம். ஆறு மாதத்தில் மவுண்ட் தட்ட ஆரம்பித்தால் ஸ்ட்ரட் முழுவதும் மறுபடி கீழே இறங்க வேண்டும், மறுபடி அலைன்மெண்ட். பம்ப் ஸ்டாப் பொடிந்து போயிருந்தால் பெரிய பள்ளத்தில் பிஸ்டன் நேராக அடியில் மோதும். தூசி உறை இல்லாவிட்டால் மண் ராடோடு போய் சீலைத் தின்னும். பழைய ஷாக் செத்ததற்கே பல சமயம் இவைதான் காரணம்.

இரண்டாவது வழி, ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்துக் கட்டி வரும் முழு ஸ்ட்ரட். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசரே வேண்டாம், வேலை பாதி நேரத்தில் முடியும். அதன் பலவீனம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. ஒரே மாடலின் பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரிங்கைப் போட்டு விற்பவர்கள் உண்டு. எடை குறைந்த எஞ்சினுக்கு மூக்கு தூக்கி நிற்கும், எடை கூடியதற்குத் தொங்கும். பழைய ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, அதன் இருக்கை துருப்பிடித்து உதிர்ந்திருந்தாலோ, வீட்டிலேயே வேலை செய்பவரிடம் கம்ப்ரசர் இல்லாவிட்டாலோ இதை எடுக்கலாம். மற்றபடி முதல் வழியே மேல்.

ஸ்பிரிங்கை எப்போது தொடுவது

பெரும்பாலும் தொடவே வேண்டாம். ஷாக்கைவிட ஸ்பிரிங் நெடுநாள் உழைக்கும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை நான்கு மூலையிலும் அளந்து, ஒரே ஆக்சிலில் இடது வலது வித்தியாசம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உற்றுப் பார்க்க வேண்டும். உடைவது அநேகமாகக் கடைசிச் சுற்றில், கிண்ணத்துக்குள் தண்ணீர் தங்கும் இடத்தில். துணியால் துடைத்து டார்ச் அடித்தால்தான் தெரியும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஷாக்குக்கும் அதே விதி.

வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா

பின் ஷாக், லிங்க், ஸ்டெபிலைசர் புஷ் மூன்றையும் சாதாரண ஸ்பேனர் செட்டும் இரண்டு ஸ்டாண்டும் இருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். பின் ஷாக்கைக் கழற்றுமுன் ஆக்சிலின் கீழ் ஜாக் கொடுப்பது அவசியம். பல கார்களில் ஆக்சில் அதற்குமேல் இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். போல்ட் கழன்றதும் ஆக்சில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபட்டு, ஸ்பிரிங் வெளியே விழும்.

முன் ஸ்ட்ரட் வேறு ரகம். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொல்லும். கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்துச் செய்வதென்றால், இரண்டையும் எதிரெதிரே மாட்டி, மாறி மாறிச் சில சுற்றுகளாகக் கையால் இறுக்க வேண்டும், இம்பாக்ட் துப்பாக்கியால் அல்ல. ஸ்பிரிங் இருக்கையைவிட்டுத் தளர்ந்த பிறகே நடு நட்டைத் தொடலாம். இதில் நம்பிக்கை இல்லாதவருக்கு நடுவழி ஒன்று உண்டு: ஸ்ட்ரட்டை வீட்டில் இறக்கி, ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து வாங்கி, திரும்ப மாட்டுவது.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை உண்டு. நடு நட்டைக் கழற்றும்போது ராடைப் பிளையரால் பிடிக்கிறார்களா? அந்தக் கீறல் புது ஷாக்கில் விழுந்தால் சில வாரத்தில் கசியும். ராடின் தலையில் ஆலன் கீ போட்டுப் பிடிப்பதே முறை. நக்கிளில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் கழுத்தில் பல கார்களில் பல் வெட்டியிருக்கும். நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட்டைத் திருப்பினால் துளை கெடும். ஸ்ட்ரட் இறங்கியதும் நக்கிளைக் கம்பியால் கட்டாமல் விட்டால் அது வெளியே சாய்ந்து, உள்பக்க டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் விலகிவிடும். புது இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்தி நிறுத்தி நாலைந்து தடவை முழுசாக இழுத்து அமுக்க வேண்டும். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் வேலை செய்யும் குழாய்க்குள் போன காற்று அப்போதுதான் வெளியேறும். கேம்பர் போல்ட் இருந்தால் பழைய நிலையைப் பெயிண்ட்டால் குறித்துக்கொள்வதும், டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுவதும் அலைன்மெண்ட் கடை வரை வண்டியை நேராக ஓட்ட உதவும். பால் ஜாயிண்ட்டின் ஸ்பிளிட் பின் துளை பொருந்தாவிட்டால் நட்டை அடுத்த காடி வரை இறுக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது.

பணம் இரண்டு தவணையாக வந்தால்

ஆட்டம் உள்ள பால் ஜாயிண்ட்டும் டை ராடு எண்டும் எந்த வரிசைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. கழன்றால் சக்கரம் போன திசைக்கு வண்டி போகும். அவை இன்றைக்கே.

அவை நன்றாக இருந்தால், முதல் தவணையில் அலைன்மெண்ட் தேவைப்படாதவற்றை முடிக்கலாம்: முன் லிங்க், ஸ்டெபிலைசர் புஷ், தனியாக நிற்கும் பின் ஷாக். இரண்டாவது தவணைக்கு முன் ஸ்ட்ரட், மவுண்ட் செட், லோயர் ஆர்ம், தேவையானால் டை ராடு எண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு அலைன்மெண்ட்டில் முடிக்கலாம். முன்பக்கத்தை இரண்டாகப் பிரிப்பதில்தான் காசு வீணாகும். புது டயர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இந்த நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். தேய்ந்த புஷ்ஷின் மேல் புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே உள்விளிம்பு போய்விடும்.

அலைன்மெண்ட் கடையில் முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பல சின்னக் கார்களில் முன்பக்கம் டோ மட்டும்தான் திருத்த முடியும். எல்லாம் புதிதாக மாட்டிய பிறகும் ஒரு பக்கக் கேம்பர் மட்டும் வரம்புக்கு வெளியே நின்றால், எப்போதோ பள்ளத்தில் இடித்து நக்கிள் வளைந்திருக்கும் அல்லது சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கும். டோவை வைத்து அதை மறைக்க விடக் கூடாது. ஸ்பிரிங்கும் மாற்றியிருந்தால், அது படிய சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அலைன்மெண்ட்டை மறுபடி பார்த்து, அதே சமயத்தில் லிங்க் நட்டுகளையும் நக்கிள் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.